மேட் பூச்சுக்கு எந்தச் சிலிக்கா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மரச்சாமான்களிலும் இயந்திரப் பாகங்களிலும் பளபளப்பற்ற பூச்சைக் கேட்போர் பெருகிவிட்டதால், பூச்சின் பளபளப்பைக் குறைக்கச் சேர்க்கும் மேட் சிலிக்காப் பொடியைப் பற்றிய கடிதங்களே இம்மாதம் மிகுதியாக வந்திருக்கின்றன. ஒரே பொருளைத் தொடும் கேள்விகளை ஒன்றாக்கி, சிலவற்றைச் சுருக்கி, இங்கே பதில் அளிக்கிறோம். பதில்களில் பளபளப்பு அளவு என்று வருமிடமெல்லாம், வேறு கோணம் குறிப்பிடப்படாவிட்டால், 60 டிகிரி கோணத்தில் கிளாஸ் மீட்டர் (பளபளப்புமானி) காட்டும் எண் என்று கொள்க. மெருகேற்றிய கறுப்புக் கண்ணாடியை 100 என்று வைத்து அளக்கும் ஐ.எஸ்.ஓ. 2813 முறை அது.

கேள்வி: மரப்பூச்சு தயாரிக்கும் சிறு தொழிற்சாலை நடத்துகிறோம். என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கரில் 4 சதவீதம் மேட் சிலிக்கா சேர்த்தால் பளபளப்பு 20-க்கு அருகில் வந்துவிடுகிறது. அதே சிலிக்காவை அதே 4 சதவீதம் இரண்டு பாகப் பி.யு. (பாலியூரித்தேன்) பூச்சில் சேர்த்தால் 45-க்குக் கீழே இறங்க மறுக்கிறது. ‘இன்னும் கொஞ்சம் கூட்டிப் போடுங்கள்’ என்கிறார் விற்பனைப் பிரதிநிதி. கூட்டினால் பூச்சு ஸ்பிரே கன்னில் ஓடாத அளவுக்குக் கெட்டிப்படுகிறது. தவறான சிலிக்காவை வாங்கிவிட்டோமா?
பூச்சுத் தயாரிப்பாளர், அம்பத்தூர்

பதில்: சிலிக்காவைக் குறை சொல்லும் முன், அந்த 4 சதவீதம் எதில் 4 சதவீதம் என்று பாருங்கள். நீங்கள் திரவப் பூச்சின் மொத்த எடையை வைத்துக் கணக்கிடுகிறீர்கள். மேட் தன்மையோ உலர்ந்த பின் மரத்தின்மேல் மிஞ்சும் படலத்தில்தான் உண்டாகிறது. உங்கள் என்.சி. லாக்கரில் திடப்பொருள் 25 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 100 கிலோவில் மிஞ்சுவது 25 கிலோ. அதற்கு 4 கிலோ சிலிக்கா என்றால், நூறு பங்கு திடப்பொருளுக்கு 16 பங்கு. ஹார்டனர் (பூச்சை இறுகச்செய்யும் இரண்டாம் பாகம்) கலந்த பி.யு. பூச்சில் திடப்பொருள் 50 சதவீதம் என்றால், அதே 4 கிலோ நூற்றுக்கு 8 பங்காகக் குறைந்துவிடுகிறது. இரண்டிலும் ஒரே அளவு சேர்த்ததாக நீங்கள் எண்ணியிருக்க, பி.யு. பூச்சுக்குப் பாதிதான் கிடைத்திருக்கிறது.

அது கணக்கின் ஒரு பக்கம். கரைப்பான் ஆவியாக ஆவியாக ஈரப்படலம் கீழ்நோக்கிச் சுருங்குகிறது. ஏரியில் நீர் வற்ற வற்ற அடியில் கிடந்த பாறைகள் தலைகாட்டுவதுபோல, படலத்தின் மேற்பகுதியில் உள்ள சிலிக்காத் துகள்கள் பிசினின் மெல்லிய தோலைத் தாங்கியபடி சிறு மேடுகளாக எழும்புகின்றன. விழும் ஒளியை ஒரே திசையில் திருப்பி அனுப்பாமல் நாலாபக்கமும் சிதறடிப்பவை அந்த மேடுபள்ளங்களே. ஆகவே படலம் எவ்வளவு சுருங்குகிறதோ, அந்த அளவுக்கு மேட் எளிதாகிறது. மேற்சொன்ன லாக்கரை 100 மைக்ரான் ஈரத்தடிப்பில் அடித்தால் உலர்ந்த பின் நிற்பது ஏறக்குறைய 20 மைக்ரான், பி.யு. பூச்சில் 40 மைக்ரானுக்கும் மேல் நிற்கும். சராசரியாக 5 மைக்ரான் அளவுள்ள துகள் 20 மைக்ரான் படலத்தில் மேற்பரப்பைத் தூக்கி நிறுத்தும். 40 மைக்ரான் படலத்தில் அதே துகள்களில் பெரும்பகுதி ஆழத்தில் புதைந்துபோய், மேற்பரப்புக்கு எந்த உதவியும் செய்யாமல் பூச்சைக் கெட்டியாக்குவதோடு நின்றுவிடும். நீங்கள் பார்க்கும் இரண்டு தொல்லைகளும் இந்த ஒரே காரணத்திலிருந்து வருபவை.

எனவே அளவைக் கூட்டுவதற்கு முன் துகளின் பருமனை மாற்றுங்கள். 20 மைக்ரானை ஒட்டிய உலர்படலத்துக்கு 4 முதல் 6 மைக்ரான் சராசரி அளவும், 40 மைக்ரானை ஒட்டியதற்கு 7 முதல் 10 மைக்ரானும் தொடங்குவதற்குத் தோதான எல்லைகள். அடுத்து, தரக்குறிப்பில் துளைக்கொள்ளளவு என்ற வரியைத் தேடிப் படியுங்கள். விலையைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் தாண்டிப்போகும் வரி அது. சிலிக்காத் துகள் உள்ளெல்லாம் நுண்துளைகள் நிறைந்தது. சிலிக்காவின் திண்ம அடர்த்தி 2.2 என்பதால், ஒரு கிராம் சிலிக்காவின் கட்டுமானம் மட்டும் 0.45 மி.லி. இடம் கொள்ளும். துளைக்கொள்ளளவு கிராமுக்கு 1.2 மி.லி. என்றால் அந்த ஒரு கிராம் மொத்தமாக 1.65 மி.லி. இடத்தையும், 1.8 மி.லி. என்றால் 2.25 மி.லி. இடத்தையும் அடைக்கும். துகள் அளவு ஒன்றாக இருக்கையில், இரண்டாவது வகையில் ஒரு கிராமுக்குக் கிடைக்கும் துகள்களின் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அதிகம். கிலோ விலை கூடுதலாக இருந்தும் ஒரு லிட்டர் பூச்சுக்கு ஆகும் செலவு குறைந்துவிடுவது இதனால்தான். ஆனால் துளை மிகுந்த துகள் எளிதில் நொறுங்கும் என்பதையும், பிசினை அதிகம் உறிஞ்சும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சோதனையை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். திடப்பொருளின் எடையில் நூற்றுக்கு 6, 9, 12 பங்கு என்று மூன்று கலவைகள் செய்து, ஹார்டனரையும் கலந்த பிறகே, கறுப்புக் கண்ணாடியில் நீங்கள் உண்மையில் மரத்தில் அடிக்கும் அதே ஈரத்தடிப்பில் இழுத்துப் பாருங்கள். ஹார்டனர் இல்லாமல் அளந்த எண் எதற்கும் பயன்படாது. 24 மணி நேரத்தில் ஒருமுறையும், ஒரு வாரம் கழித்து மறுமுறையும் அளக்க வேண்டும், பி.யு. படலம் இறுகி முடிக்கும்வரை பளபளப்பு இறங்கிக்கொண்டே இருக்கும். 12 பங்கிலும் வேண்டிய அளவு கிடைக்கவில்லை என்றால், சிலிக்காவை மேலும் கூட்டாமல், பிசினையோ கரைப்பான் கலவையையோ மாற்றுவதே விவேகம். சிலிக்கா மிகுந்த படலத்தில் காபி, எண்ணெய்க் கறைகள் இறங்கும். நீர்த்துளி நின்ற இடம் வெளுக்கும்.

கேள்வி: சிலிக்கா ஜெல், பிரெசிபிடேட்டட் சிலிக்கா, ஃப்யூம்டு சிலிக்கா என்று மூன்று பெயர்களில் விற்கிறார்கள், விலையும் பெரிதும் வேறுபடுகிறது. மூன்றும் ஒன்றுக்கொன்று மாற்றாகுமா? ஃப்யூம்டு சிலிக்கா போட்டுப் பார்த்தேன். மேட் வரவே இல்லை.
சிறுதொழில் முனைவோர், திருச்சிராப்பள்ளி

பதில்: வேதியியலில் மூன்றும் ஒன்றே: படிக வடிவம் இல்லாத சிலிக்கான் டை ஆக்சைடு. பிறக்கும் விதம்தான் வேறு. முதலிரண்டும் சோடியம் சிலிகேட் கரைசலும் கந்தக அமிலமும் சேர்ந்து உண்டாகின்றன. அமிலம் ஓங்கிய நிலையில் சேர்த்தால் கரைசல் முழுவதும் கூழாக இறுகும். அதைக் கழுவி, முதிரவிட்டு, உலர்த்தி, காற்றுத்தாரை அரவையில் பொடித்து, அளவுவாரியாகப் பிரித்தால் சிலிக்கா ஜெல். காரம் ஓங்கிய நிலையில் கலக்கிக்கொண்டே சேர்த்தால் வீழ்படிவாகத் திரளும். அது பிரெசிபிடேட்டட் சிலிக்கா. ஜெல் துகள் உள்ளே விட்டுப்போகாத வலைப்பின்னல் என்பதால் கலக்கும் வேகத்தை ஓரளவு தாங்கும். மற்றது நுண்துகள்கள் ஒட்டித் திரண்டது என்பதால் மென்மையானது. அது சேர்ந்த பூச்சு தொடுவதற்கும் இதமாக இருக்கும். கிரேஸ் நிறுவனத்தின் சைலாய்ட் வரிசை ஜெல் வகைக்கும், எவோனிக் நிறுவனத்தின் ஏஸ்மேட் ஓ.கே. வரிசை வீழ்படிவு வகைக்கும் சந்தையில் பழகிய எடுத்துக்காட்டுகள். நல்ல தரத்தில் வாங்கினால் இவ்விரண்டும் பல இடங்களில் ஒன்றின் இடத்தில் மற்றொன்று நிற்கும்; அளவை மட்டும் புதிதாகச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

ஃப்யூம்டு சிலிக்காவின் கதை வேறு. சிலிக்கான் டெட்ராகுளோரைடை ஹைட்ரஜன் சுடரில் எரித்துப் பெறும் பொடி அது. நீங்கள் வாங்கியது ஏரோசில் 200 போன்ற வகையாகத்தான் இருக்க வேண்டும். அதன் அடிப்படைத் துகள் 12 நானோமீட்டர். அது ஒரு மைக்ரானில் நூறில் ஒரு பங்கு அளவே. அவ்வளவு நுண்ணியது மேற்பரப்பில் மேடு எழுப்பாது. துகள்கள் ஒன்றோடொன்று கைகோத்துப் பூச்சைக் கெட்டியாக்கும், செங்குத்துப் பரப்பில் வழியாமல் தடுக்கும். அதன் வேலையே அதுதான். சுடரில் பிறந்த சிலிக்காவையே மேட் தருவதற்கென்று பெரிய திரள்களாகச் சேர்த்து விற்கும் வகையும் உண்டு, ஏஸ்மேட் டி.எஸ். 100 அப்படிப்பட்டது. விலை கூடுதல், பொடியாகவும் பறக்கும். ஆனாலும் குறைந்த அளவில் நிறைய மேட் தரும், அடர்ந்த நிறத்தின்மேலும் தெளிவாக நிற்கும். கடைக்காரரிடம் ‘ஃப்யூம்டு’ என்ற சொல்லை மட்டும் சொல்லிக் கேட்டால் கெட்டியாக்கும் வகைதான் கைக்கு வரும்.

கேள்வி: மரச்சாமான் பட்டறை வைத்திருக்கிறோம். பெயர்பெற்ற நிறுவனத்தின் மேட் பி.யு. டாப் கோட்டைத்தான் வாங்குகிறோம். ஒரே டின்னிலிருந்து அடித்த அலமாரிக் கதவுகளில் ஒன்று மேட்டாகவும் மற்றொன்று லேசான பளபளப்போடும் வருகிறது. அடர் வால்நட் சாயம் கொடுத்த கதவில் பால் படிந்ததுபோல் ஒரு மங்கல் தெரிகிறது. சில மாதங்களில் கைப்பிடியைச் சுற்றிலும் மட்டும் பளபளக்கத் தொடங்குகிறது. குறை பூச்சிலா, எங்கள் ஆட்களிடமா?
பட்டறை உரிமையாளர், கோயம்புத்தூர்

பதில்: மூன்றும் தனித்தனிக் குறைகள். முதலாவதற்கு, டின்னைத் திறந்ததும் உங்கள் ஆள் என்ன செய்கிறார் என்று ஒருநாள் பக்கத்தில் நின்று பாருங்கள். சிலிக்கா டின்னின் அடியில் தங்கும் இயல்புடையது. மேலாக இருக்கும் பூச்சைக் கப்பில் ஊற்றி அடித்த கதவு பளபளக்கும். கடைசியில் அடியோடு வழித்து ஊற்றி அடித்த கதவு வேண்டியதற்கு மேல் மேட்டாகும், வெள்ளைப் புள்ளிகளும் விழக்கூடும். தட்டையான பலகைத் துண்டால், அடிப்பகுதியும் மூலையும் சுரண்டும்படி சில நிமிடம் கலக்க வேண்டும். டின்னைக் குலுக்குவது கலக்குவது ஆகாது. அடியில் படிந்தது பலகைக்கு வழுவழுப்பாகப் பட்டால் கலந்துவிடும்; கட்டியாக இறுகியிருந்தால் அந்த டின்னைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள்.

கலக்குவதில் குறையில்லை என்றால் தடிப்பைச் சந்தேகியுங்கள். கதவைப் படுக்கவைத்து ஒரு கை கூடுதலாக அடித்தால் படலம் தடித்து, துகள்கள் புதைந்து, பளபளப்பு ஏறும். ஓரங்களில் ஸ்பிரே இருமுறை விழும் இடங்களும் அப்படியே. ஈரப்பூச்சின் தடிப்பை அளக்கும் ஈரத்தடிப்புச் சீப்பு ஒன்றை வைத்து ஆட்களைப் பழக்கினால், பாதித் தகராறு பட்டறைக்குள்ளேயே தீரும். தின்னரையும் அவரவர் கைக்கணக்கில் ஊற்ற விடாதீர்கள். தின்னர் கூடினால் சுருக்கமும் கூடி மேட்டும் கூடும்.

பால் படிந்த மங்கலுக்கு வருவோம். சிலிக்காவின் ஒளிவிலகல் எண் 1.46. பூச்சுப் பிசின்களில் பெரும்பாலானவை 1.5-ஐ ஒட்டியவை. இரண்டும் அருகருகே இருப்பதால்தான் சிலிக்கா படலத்துக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்துகொள்கிறது, 2.7 உள்ள டைட்டானியம் டை ஆக்சைடு வெள்ளையாக மறைப்பது பிசினோடு அதற்குள்ள பெரிய இடைவெளியால்தான். ஆனால் அருகருகே இருப்பது சமமாக இருப்பது ஆகாது. இளநிறத் தேக்கிலோ வேங்கையிலோ தெரியாத அந்தச் சிறு வேறுபாடு, அடர் சாயத்தின் மேல், அதுவும் தடித்த படலத்தில், நீலம் கலந்த வெண்மையாகத் தெரியும். மேட் பூச்சையே மூன்று கோட்டாக அடிப்பது இதில் வழக்கமாக நடக்கும் பிழை. துளையை அடைக்கவும் தடிப்பை ஏற்றவும் சிலிக்கா இல்லாத சீலரையோ பளபளப்பான பூச்சையோ பயன்படுத்துங்கள். அதை நன்றாகத் தேய்த்துவிட்டு, மேட் பூச்சைக் கடைசியாக ஒரே கோட்டாக மெல்லியதாகக் கொடுங்கள். அதற்கும் மங்கல் நீங்கவில்லை என்றால் தயாரிப்பாளரிடம் தெளிவு கூடிய வகையைக் கேளுங்கள். மழைக்காலத்தில் அடித்த என்.சி. லாக்கர் வெளுப்பது ஈரப்பதத்தால் வரும் வேறு குறை. அதைச் சிலிக்காவின் தலையில் கட்டக்கூடாது.

கைப்பிடியைச் சுற்றிய பளபளப்பு, மேட் பூச்சு எதிலும் ஓரளவு வருவதுதான். கை பட்டுப் பட்டு மேடுகள் தேய்கின்றன. மெழுகு பூசிய சிலிக்கா சேர்ந்த பூச்சில் இது நன்றாகக் குறையும். அத்தகைய சிலிக்கா அடியில் கல்லாக இறுகுவதும் குறைவு. பழைய பாலிஷ்காரர்கள் பளபளப்பான பாலிஷைக் கொடுத்துவிட்டு, ஸ்டீல் வூலால் தேய்த்து மெழுகு பூசி மேட் ஆக்குவார்கள். அந்த வேலை பழுதானால் மறுபடி தேய்த்தால் போதும்; சிலிக்கா மேட் தேய்ந்துவிட்டால் மறுகோட் அடித்துத்தான் ஆக வேண்டும்.

கேள்வி: சாட்டின் (இடைப்பட்ட பளபளப்பு) பூச்சு கிடைக்காதபோது, பளபளப்பான டின்னையும் மேட் டின்னையும் பாதிக்குப் பாதி கலக்கலாமா?
பெயிண்டிங் ஒப்பந்தக்காரர், மதுரை

பதில்: ஒரே நிறுவனத்தின் ஒரே வரிசையாக இருந்தால் தாராளமாகக் கலக்கலாம். ஆனால் பளபளப்பு 90 உள்ளதையும் 10 உள்ளதையும் சரிபாதி கலந்தால் 50 கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். முதலில் சேரும் சிலிக்கா பளபளப்பைச் சட்டென்று இறக்கும். பின்னால் சேர்வது மெதுவாகத்தான் இறக்கும். ஆகவே சரிபாதிக் கலவை பெரும்பாலும் நடுவுக்கு வெகுகீழே நிற்கும். பளபளப்பான டின்னில் மேட்டைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் துண்டுப் பலகையில் அடித்து உலரவிட்டுப் பாருங்கள். ஈரத்தில் எல்லாமே பளபளப்புதான்.

கேள்வி: வாகன உதிரிபாகங்களுக்குக் கறுப்பு ஸ்டோவிங் பூச்சு (சூட்டடுப்பில் இறுகும் வகை) தயாரிக்கிறோம், உலர்படலம் 25 முதல் 30 மைக்ரான். பளபளப்பு 8 முதல் 12-க்குள் இருக்க வேண்டும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் 10 வருகிறது. ஆனால் வாடிக்கையாளர் பாகத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டு ‘மினுங்குகிறது’ என்கிறார், ‘கறுப்பு சாம்பலாகத் தெரிகிறது’ என்றும் சொல்கிறார். தொகுதிக்குத் தொகுதி எண்ணும் மாறுகிறது. சிலிக்காவையும் கரிநிறமியையும் சேர்த்தே பீட் மில்லில் (சிறு மணிகளால் அரைக்கும் இயந்திரம்) அரைக்கிறோம்.
தரக்கட்டுப்பாட்டு அலுவலர், ஓசூர்

பதில்: கடிதத்தின் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறோம். கரிநிறமிக்குக் கடுமையான அரவை வேண்டும். சிலிக்காவுக்கு அது நஞ்சு. தேவையான துகள் அளவைத் தயாரிப்பாளரே அரைத்துப் பிரித்துத் தந்துவிட்டார். அதை மீண்டும் மணிகளுக்கிடையே நசுக்கினால் 8 மைக்ரான் துகள் 3 மைக்ரானாக உடைந்து, மேட் குறைந்து, பூச்சும் கெட்டியாகும். மில்லில் ஒருநாள் பத்து நிமிடம் கூடுதலாக ஓடினால் அந்தத் தொகுதியின் எண்ணும் மாறும். கரிநிறமியை மட்டும் தனியாக அரைத்து முடியுங்கள். பிறகு பிசின் எல்லாம் சேர்ந்த பூச்சில், வேகக் கலக்கியில், சிலிக்காவைத் தூவிச் சேருங்கள். 20 செ.மீ. விட்டமுள்ள தட்டு நிமிடத்துக்கு 600 சுற்று சுற்றினால் விளிம்பின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 6 மீட்டர். அந்த வேகத்தில் 10 முதல் 15 நிமிடம் போதும். துகள்களின் நுண்மையைக் காட்டும் ஹெக்மன் அளவியில் இழுத்துப் பாருங்கள். கட்டிகள் மறைந்ததும் நிறுத்திவிடுங்கள். இன்னும் நுண்மையாகட்டும் என்று ஓட்டினால் பளபளப்பைத்தான் ஏற்றுவீர்கள். நேரத்தையும் வேகத்தையும் தொகுதி அட்டையில் எழுதிவைப்பது, அளவைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்வதைவிட மலிவு.

மினுங்குகிறது என்று வாடிக்கையாளர் சொல்வது பொய்யல்ல. 60 டிகிரியில் அளந்து 10-க்குக் கீழே வருவதை 85 டிகிரியிலும் அளக்க வேண்டும். நீங்கள் அந்த எல்லையிலேயே நிற்கிறீர்கள். சாய்வாகப் பார்க்கையில் சிறிய மேடுகள் மறைந்து, பரப்பு வழவழப்பானதுபோல் ஒளியைத் திருப்புகிறது. நுண்ணிய சிலிக்காவைக் கொண்டு எட்டிய 10-க்கும், சற்றுப் பருமனான சிலிக்காவைக் கொண்டு எட்டிய 10-க்கும் 60 டிகிரியில் வேறுபாடு தெரியாது; 85 டிகிரியில் முதலாவது கூடுதலாகக் காட்டும். உங்கள் படலத் தடிப்புக்கு 6 முதல் 8 மைக்ரான் வகை பொருந்தும். இரண்டு கோணங்களுக்கும் எல்லைகளை வாடிக்கையாளரோடு பேசி, ஒரு மாதிரித் தகட்டில் இருவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சாம்பல் நிறத்தில் ஒரு பகுதி தீர்க்க முடியாதது. பளபளப்பான கறுப்பில் மேற்பரப்பு ஒளி ஒரே திசையில் போய்விடுவதால் மற்றத் திசைகளிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு ஆழ்ந்த கறுப்பு தெரிகிறது. மேட் கறுப்பில் அதே ஒளி எல்லாத் திசையிலும் சிதறிக் கண்ணுக்கு வந்துவிடுகிறது. எஞ்சிய பகுதி, சிலிக்காவோடு சேர்த்து அரைத்ததால் கரிநிறமி சரியாக விரியாமல் போனதன் விளைவாக இருக்கலாம். தனியாக அரைத்தபின் மறுபடி ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: தண்ணீரில் கரையும் மரப்பூச்சுக்கு மாறுகிறோம். பி.யு.வில் நன்றாக வேலைசெய்த மெழுகு பூசிய சிலிக்காவைப் போட்டால் நுரை தள்ளுகிறது, பொடி மிதக்கிறது. மறுநாள் பூச்சு கெட்டியாகியும் விடுகிறது.
வேதிப்பொறியாளர், புதுச்சேரி

பதில்: மெழுகு நீரை ஒட்டவிடாது, அதனால் பொடி நனையாமல் மிதக்கிறது, துளைகளில் உள்ள காற்று நுரையாக வெளிவருகிறது. மெழுகு பூசாத வகையையோ, நீர்வகைப் பூச்சுக்கென்றே மேற்பரப்பைப் பதப்படுத்திய வகையையோ எடுங்கள். பொடியை நேரே பூச்சில் கொட்டாமல், நீர், நனைப்பான், நுரைநீக்கி மூன்றும் கலந்ததில் முதலில் குழைத்துக்கொண்டு, பிறகு பிசினில் மெதுவாகச் சேர்த்தால் பாதித் தொல்லை தீரும். தூசியே வேண்டாம் என்றால் ஆயத்தமாகக் குழைத்த சிலிக்கா விழுதும் விற்பனைக்கு உண்டு.

மறுநாள் கெட்டியாவதற்குக் காரணம், நுண்துளைகள் நீரையும் மற்றச் சேர்க்கைகளையும் மெல்ல உறிஞ்சுவதே. ஆகவே பாகுநிலையைக் கலந்த அன்றே சரிசெய்து டின்னில் அடைக்காதீர்கள்; ஓரிரவு வைத்து, மறுநாள் அளந்து சரிசெய்யுங்கள். சாப்பாட்டு மேசைக்கான பூச்சு என்றால் இன்னொரு யோசனை: உலரும்போது தானே மேட்டாகும் பி.யு. நீர்மங்கள் இப்போது கிடைக்கின்றன. அதில் ஒரு பங்கைக் கலந்து சிலிக்காவைக் குறைத்தால், சூடான டம்ளர் வைத்த இடத்தில் வெள்ளை வளையம் விழுவது குறையும்.

கேள்வி: யு.வி. (புறஊதா) விளக்கில் உலரும் பூச்சிலும், பொடியாகத் தூவி உருக்கும் பவுடர் கோட்டிங்கிலும் இதே சிலிக்காவால் மேட் கொண்டுவர முடியுமா?
மாணவர், காரைக்குடி

பதில்: பவுடர் கோட்டிங்கில் பயனில்லை. அங்கே ஆவியாக எதுவும் இல்லை, உருகிப் பரவும் படலமும் 60 மைக்ரானை ஒட்டியது. சிலிக்கா உள்ளேயே அமிழ்ந்துவிடும். இறுகும் வேகம் வேறுபட்ட இரண்டு பவுடர்களைக் கலப்பது, மேட் தரும் தனி ஹார்டனர், மெழுகு ஆகியவையே அங்கு வழி.

யு.வி. பூச்சில் முடியும், சிரமப்பட்டு. கரைப்பான் இல்லாததால் சுருக்கம் மிகக் குறைவு. நொடிப்பொழுதில் இறுகிவிடுவதால் துகள்கள் மேலே வர நேரமும் இல்லை. அளவைக் கூட்டினால் உருளையில் ஓடாது. இதற்கென்று பதப்படுத்திய, படலத் தடிப்பை எட்டும் அளவுக்குப் பருமனான சிலிக்காக்கள் உண்டு. சிவகாசி அச்சகங்களில் அட்டைப்பெட்டிக்குக் கொடுக்கும் யு.வி. மேட் வார்னிஷில் படலம் சில மைக்ரான்தான் என்பதால் அங்கே துகள் தேர்வு முற்றிலும் வேறு. பளபளப்பு 5-க்கும் கீழே வேண்டும் என்றால், 172 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளிதரும் எக்சைமர் விளக்கால் ஈரப்படலத்தின் மேல்தோலை மட்டும் முதலில் இறுக்கி, அது நுண்ணிய சுருக்கங்களாக மடிந்தபின் வழக்கமான யு.வி. விளக்கால் உள்ளேயும் இறுக்குகிறார்கள். விரல்ரேகை ஒட்டாத அலமாரிப் பலகைகள் பல இவ்வாறு செய்யப்பட்டவை. இயந்திரச் செலவு பெரிது.

கேள்வி: கணவர் பெயிண்ட் தொழிற்சாலையில் சிலிக்காப் பொடி கொட்டும் வேலை பார்க்கிறார். சிலிக்காத் தூசியால் நுரையீரல் நோய் வரும் என்று கேள்விப்பட்டுப் பயமாக இருக்கிறது.
வாசகி, இராணிப்பேட்டை

பதில்: சிலிக்கோசிஸ் என்ற அந்த நோயைத் தருவது படிகச் சிலிக்கா, கல் உடைக்கும் இடங்களிலும் மணல் வீச்சிலும் பறக்கும் குவார்ட்ஸ் தூசி அந்த வகை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-இல் குவார்ட்ஸையும் கிறிஸ்டோபலைட்டையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்தது. படிகமற்ற சிலிக்காவை அவ்வாறு வகைப்படுத்தப் போதிய சான்று இல்லாத மூன்றாம் பிரிவில் வைத்தது. மேட் பூச்சுக்குச் செயற்கையாகத் தயாரிக்கும் ஜெல், வீழ்படிவு, ஃப்யூம்டு வகைகள் எல்லாம் படிகமற்றவை. ஆனாலும் எந்தப் பொடியையும் சுவாசிப்பது நல்லதல்ல. இது தோலையும் கண்ணையும் மூக்கையும் வறளச் செய்யும்; இருமல் தரும். தூசி வடிக்கும் முகக்கவசமும் கண்ணாடியும் அணிய வேண்டும், கொட்டும் இடத்தில் உறிஞ்சுவிசிறி இருக்க வேண்டும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. விலைகுறைந்த மேட் பெயிண்ட்டுகளில் டயட்டமைட் என்ற இயற்கைப் பொடியைச் சேர்ப்பதுண்டு. அதைச் சோடா சேர்த்துச் சூளையில் சுட்ட வெள்ளைநிற வகையில் கிறிஸ்டோபலைட் உண்டாகியிருக்கும். உங்கள் கணவர் கையாளும் மூட்டையில் எந்தப் பெயர் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். டயட்டமைட் என்றால், பாதுகாப்புத் தரவுத்தாளில் கிறிஸ்டோபலைட் எத்தனை சதவீதம் என்று மேலாளரிடம் கேட்க அவருக்கு உரிமை உண்டு.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. உடனடி ஆபத்து அதில்தான். பிளாஸ்டிக் உறையிலிருந்து உலர்ந்த பொடியை விரைவாகக் கொட்டும்போது நிலைமின்சாரம் சேரும். கீழே டிரம்மில் டொலுவீன் போன்ற கரைப்பான் இருந்தால் ஒரு பொறி போதும், தீப்பற்றிவிடும். டிரம்மையும் கலக்கியையும் கம்பியால் தரையோடு இணைத்திருக்க வேண்டும். பொடியை மெதுவாகவும் சிறு சிறு அளவாகவும் சேர்க்க வேண்டும். அந்தக் கம்பியின் கவ்வியைப் பெயிண்ட் காய்ந்து படிந்த விளிம்பில் மாட்டினால் மின்தொடர்பு கிடைக்காது. சுரண்டிய வெறும் உலோகத்தில் மாட்டச் சொல்லுங்கள்.